ஷேர்லி: ஆணா, பெண்ணா?

பதுளைக்கு அப்பால் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி வினவுகிறார்: "என் பெண் குழந்தைக்கு ஷேர்லி என்று பெயர் சூட்ட விரும்புகிறேன். அது ஆண்பிள்ளைப் பெயர் என்று மாமனார் மறுக்கிறார். யார் சொல்வது சரி?"

சகோதரியே, இருவர் சொல்வதும் சரிதான். மாமனார் தம் இளமையில் கேள்வியுற்ற ஷேர்லிகள் ஆடவர்களே. 1967 முதல் 1970 வரை இலங்கைப் பாராளுமன்றத்தின் சபாநாயகராக வீற்றிருந்தவர் ஷேர்லி கொரயா. 1976இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்குத் தலைமை தாங்கிய ஹமில்டன் ஷேர்லி அமரசிங்கவும் நம் நாட்டவரே.

உண்மையில் அப்பெயர் முதலில் ஆணுக்கும் உரியதன்று, பெண்ணுக்கும் உரியதன்று. அஃது ஓர் ஊர்ப்பெயர். இங்கிலாந்தில் டார்பிஷயரிலும் ஹாம்ப்ஷயரிலும் வேறு சில பகுதிகளிலும் ஷேர்லி என்னும் ஊர்கள் உள்ளன. பழைய ஆங்கிலத்தில் அதற்கு, காட்டினிடையே ஒளி விழும் வெட்டவெளி என்று பொருள் கூறுவர். காடு வெட்டித் தேயிலை நட்டவர் வழிவந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! ஊரின் பெயர் குடும்பங்களின் பெயராகி, பின்னர் ஆண்மக்களுக்கு இடும் பெயராயிற்று.

1849இல் சார்லட் பிராண்டி அம்மையார் வெளியிட்ட 'ஷேர்லி' நாவலில், ஆண்மகவை எதிர்பார்த்திருந்த பெற்றோர், அதற்கென வைத்திருந்த பெயரைப் பிறந்த பெண்ணுக்கே இட்டுவிடுகின்றனர். 1930களில் ஷேர்லி டெம்பிள் என்ற சிறுமி திரைப்படங்களில் ஆடிப் பாடி உலகையே கவர்ந்தபின், மேல்நாட்டில் அது பெரும்பாலும் பெண்பெயராகவே ஆயிற்று. இலங்கையிலோ பழைய வழக்கம் நெடுநாள் நீடித்தது.

ஊரைப் பிள்ளைக்குப் பெயராக்குவது நமக்குப் புதிதன்று. சிதம்பரமும் பழனியும் இல்லாத லயம் உண்டா? நம் ஊவாவிலுள்ள கதிர்காமமும் கதிர்காமன் என்று மனிதப் பெயராகியுள்ளது. ஆனால் தமிழில் ஒரு வசதி: பழனி ஆண், பழனியம்மாள் பெண். ஷேர்லிக்கு அவ்வாறு விகுதி இல்லாமையால் வேலி தாண்டுதல் எளிதாயிற்று.

பெயரைவிட எழுத்தே எனக்குக் கவலை தருகிறது. ஷேர்லி, செர்லி, சேலி என ஆளுக்கொரு விதமாக எழுதுவர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கோரிய தோட்ட மக்கள், இந்நாட்டில் இடையறாது வதிந்ததைப் பத்திரங்களைக் கொண்டு நிறுவ வேண்டியிருந்தது. ஒரு பத்திரத்தில் மருதை, மற்றொன்றில் மருதமுத்து என்றிருப்பின், இருவரும் ஒருவரே என மெய்ப்பிப்பது எளிய காரியமா? இன்றும் பாடசாலையில் சேர்க்கும்போதும் அடையாள அட்டை பெறும்போதும் அந்த ஓரெழுத்துக்காக அலைவோர் உளர்.

ஆகவே, பதிவாளரிடம் செல்லுமுன் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரைத் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் பதிந்ததை, அம்மொழி அறிந்த ஒருவரைக்கொண்டு வாசிக்கச் செய்து, அதன் பின்னரே கையொப்பமிடுங்கள்.

மாமனாரை மட்டும் பேத்தியை "ஷேர்லியம்மா" என்று அழைக்கச் சொல்லுங்கள். விகுதி சேர்ந்துவிட்டால் அவருக்கும் ஆட்சேபம் இராது.