கொழுந்துக்குக் காற்று, எமக்குப் புகை

ஐப்பசியிலிருந்து தை வரை ஊவாவில் மழைதான். பசறை, நமுனுகுல, மடுல்சீமை, ஹாலி-எல, அப்புத்தளை என எந்தப் பக்கம் போனாலும் லயத்துக் கூரைகளின் மேல் கல்லும் பழைய டயரும் மண்மூட்டையும் ஏறியிருக்கும். காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க எமது மக்கள் தாமாகச் செய்துகொண்ட பாதுகாப்பு அது. மழை ஒழுகுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மழையே இல்லாத இரவிலும் அதே கூரை சொட்டுகிறதே, அதைப் பற்றி இம்முறை பேச விரும்புகிறோம்.

10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிறார்கள். அடுப்பில் கொதித்த தண்ணீர், கொடியில் தொங்கும் ஈர உடுப்பு, விடும் மூச்சு எல்லாம் ஆவியாகி மேலே போகிறது. போன ஆவி வெளியேற வழியில்லை. இரவில் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகித் திரும்பப் பாயிலேயே விழுகிறது. சோற்றுப்பானை மூடியில் நடப்பதுதான் இது. அதோடு விறகுப் புகையும் சேர்கிறது. இரட்டை லயங்களில் பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் குறுக்குக் காற்றே கிடையாது. நடுச்சுவர் கூரை வரை எழும்பாத லயங்களில் ஒரு வீட்டுப் புகை நாலு வீட்டுக்குப் போகிறது. ரீப்பை உளுத்து, ஆணி துருப்பிடித்து, சுவரில் பூஞ்சணம் ஏறுகிறது. பிள்ளையின் பாடப்புத்தகமும் அப்படியே. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இழுப்பும் சுவாச நோயும் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே தனி வழிகாட்டி வெளியிட்டது. இருமலுக்குத் தோட்டத்து மருந்தகத்தில் வில்லை வாங்கிக்கொண்டு அதே கூரையின் கீழ்தான் திரும்பிப் படுக்கிறோம்.

தோட்ட நிர்வாகங்களுக்கு இந்த விடயம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தொழிற்சாலையின் மேல்மாடிக்குப் போய்ப் பாருங்கள். நாம் பறித்த பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது புழுங்கிப் போகாமலிருக்கக் காற்றாடி வைத்து, காற்றின் ஈரத்தைக் கருவி வைத்துப் பார்த்து, மணிக்கணக்காகக் காவலிருந்து வாட்டுகிறார்கள். கடைசியில் தூளில் நூற்றுக்கு 3 அளவில்தான் ஈரம் மிஞ்சுகிறது. ஆடி, ஆவணியில் வீசும் காய்ந்த கச்சான் காற்றால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி வாசம், தனி விலை. காற்றின் மதிப்பு தெரிந்த கம்பனிகள்தான் இவை. இலைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை அதைப் பறித்தவள் தூங்கும் கூரைக்குக் கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

லயங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரர் காலத்தவை. 1992இல் தோட்டங்கள் தனியார் முகாமைக்குப் போனபின் வீட்டுப் பொறுப்பு யாருடையது என்ற பந்து கம்பனிக்கும் அரசுக்கும் இடையே உருண்டுகொண்டிருக்கிறது. சுவரில் ஒரு துளை போடவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால், புதிய வீடு வரும்வரை பொறுங்கள் என்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நாடே வீடு பற்றிப் பேசியது. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச் காணியும் உறுதிப்பத்திரமும் தனிவீடும் எமது உரிமை. அதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் வீட்டுக்காகக் காத்திருக்கும் வருடங்களிலும் பிள்ளைகள் மூச்சுவிட வேண்டும்.

இதில் எமது பக்கத்திலும் பிழை உண்டு. புதிய வீடு கேட்டு மேடையேறிய தொழிற்சங்கங்கள், நாமும் சேர்த்துத்தான், பழைய கூரையைத் திருத்தக் கேட்பதைச் சின்ன விடயமாக நினைத்துவிட்டோம். தேர்தல் வந்தால் தகரம் வரும்; ரீப்பையும் ஆணியும் வராது. உளுத்த மரத்தின் மேலேயே புதுத் தகரத்தை அடித்துவிட்டுப் படம் பிடித்துப் போனவர்களை எல்லாத் தோட்டத்திலும் கண்டிருக்கிறோம்.

நாம் கேட்பது பெரிய செலவில்லை. முகட்டில் மழை புகாதபடி மடித்த தகரத்தின் கீழ் காற்று போக இடைவெளி, இரு பக்க முக்கோணச் சுவர்களிலும் வலை அடித்த துவாரம், ஒவ்வொரு அடுப்புக்கும் கூரைக்கு மேலே எழும்பும் புகைபோக்கி. தகரத்தின் மேட்டில், ரப்பர் வாஷரோடு அடித்த ஆணி. பள்ளத்தில் அடித்தால் ஒழுகும் என்பது எந்தப் பாஸுக்கும் தெரியும். குளிருக்காகச் சாக்கையும் பொலித்தீனையும் தகரத்தோடு ஒட்டிக் கட்டுபவர்கள் இடையில் ஒரு சாண் விடுங்கள். ஒட்டிக் கட்டினால் ஈரம் அங்கேயே தங்கி மரத்தை உளுக்கும். அஸ்பெஸ்டஸ் கூரையை மட்டும் யாரும் அறுக்கவோ, துளைக்கவோ, உரசிக் கழுவவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். அதை மாற்றுவது நிர்வாகத்தின் வேலை.

இம்மாதச் சந்தா சேர்க்கும்போது தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் போய் மேலே பார்க்க வேண்டும். ஒழுகும் கூரை, உளுத்த மரம், புகைபோக்கி இல்லாத அடுப்பு, இருமும் பிள்ளை: நான்கையும் லய இலக்கத்தோடு எழுதி, ஒரு பிரதியைத் துரையிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறு பிரதியைப் பதுளைக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தத் தாள்களோடுதான் போகிறோம்.