மதுரையில் ஹீட்டர் போட்டு வீடு கட்டுகிறவர்கள்

ஹீட்டர் போட்டு வீடு கட்டுவது கொடைக்கானல்காரர்கள் பாடு என்று நினைப்பவர்கள், ஒரு சித்திரை மாத ராத்திரி பத்து மணிக்கு திருப்பாலையிலோ நாகமலை புதுக்கோட்டையிலோ ஒரு புதுவீட்டு மாடிக்குச் செருப்பில்லாமல் ஏறிப் பார்க்கட்டும். பாதம் பொசுங்கும். சந்தேகமே வேண்டாம், அதுதான் ஹீட்டர்! பெயர் மட்டும் காங்கிரீட் கூரை.

கணக்கைப் பாருங்கள். 1000 சதுர அடி, 5 அங்குல கனம் என்றால் அந்தத் தளத்தின் எடை சுமார் 28 டன். சித்திரை பிறக்கும் வாரத்தில் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. பகல் முழுக்க 28 டன் கல்லைச் சூடேற்றி வைத்தால், அது ராத்திரியெல்லாம் கீழே படுத்திருப்பவர்கள் மேல்தான் அந்தச் சூட்டை இறக்கும். அந்த நேரத்தில் ஃபேன் போட்டால் வருவதும் அனல்தான்.

நம் ஆட்கள் இதற்கு என்ன செய்கிறார்கள்? ஏசி வாங்குகிறார்கள். அதாவது மேலே ஒரு அடுப்பை எரியவிட்டு, கீழே ஒரு மெஷினை வைத்து அதோடு சண்டை! ஒன்றரை டன் ஏசி முழுவீச்சில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு மின்வாரியம் தரும் இலவச யூனிட்டெல்லாம் முதல் மாதம் முடியும் முன்பே காலி.

சரி, பில்லைக்கூடக் கட்டிவிடலாம். ஏசி இருப்பது ஒரே ஒரு பெட்ரூமில்தானே? அப்பத்தா எங்கே படுக்கிறார்? ஹாலில், அந்த 28 டன்னுக்குக் கீழே. கரண்ட் போனால் எல்லோருக்கும் அதே கதி.

முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரத்துக்கு மேல் செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பில் குழைத்த செங்கல் ஜல்லி, அதற்கும் மேல் தட்டோடு. இத்தனையும் தாண்டித்தான் வெயில் உள்ளே வர வேண்டும். காங்கிரீட் வந்த பிறகும் அதன் மேல் ஜல்லியும் தட்டோடும் பதிக்கும் வழக்கம் இருந்தது, இன்றும் சிலர் செய்கிறார்கள். ஆனால் பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். "அதை அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்பார் கொத்தனார். வாசல் எலிவேஷனுக்கு ஒட்டும் டைல்ஸில் மட்டும் ஒரு ரூபாய் குறையாது. தெருவில் போகிறவன் கூரையைப் பார்க்க மாட்டானே!

"வெள்ளை அடித்தால் ஒரு மழையில் போய்விடும்" என்று ஒரு வாதம் உண்டு. போகட்டுமே, வருஷா வருஷம் பங்குனியில் திரும்ப அடியுங்கள். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிற ஊர்தானே இது? கூரைக்கு அடித்தால் என்ன குறைந்துவிடும்? ஏசியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் கூரை, பிறகு ஏசி. வரிசை மாறினால்தான் வம்பு.

"இதையெல்லாம் சட்டம் போட்டா செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று தமிழகத்தில் சட்டம் வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். கூரையிலிருந்து குழாய் இறங்கியதா இல்லையா? தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, பெரிய வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டது. இங்கே 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், செத்தால் நிவாரணம் உண்டு. நல்லது. சாகாமல் இருக்க, பிளான் அப்ரூவலில் கூரைக்கென்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா?

அதுவரை வீடு கட்டும் மக்களே, எலிவேஷன் டைல்ஸில் பாதியைக் குறைத்து அந்தக் காசை மாடிக்கு ஏற்றுங்கள். அப்பத்தா நிம்மதியாகத் தூங்குவார்.