நஞ்சுக்கு மறுபெயர் மறுசுழற்சியா?

இலாபத்தைத் தம் பெட்டகத்தில் பூட்டிக்கொண்டு, நஞ்சை மட்டும் ஏழையின் முற்றத்திற்கு அனுப்பிவைப்பது செல்வந்த நாடுகளின் முதலாளிகளுக்குப் புதிய வழக்கமன்று. கழிவு என்ற பெயரோடு வந்தால் வாசலிலேயே தடுப்பார்கள் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகவே மறுசுழற்சிக்கான பொருள் என்ற பெயரைச் சூட்டி அனுப்புகிறார்கள். தென்னாபிரிக்காவின் கேற்றோ றிட்ஜ் என்னும் ஊரில் நடந்தது இதுவே.

இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தப் பாதரச உப்புக்களைச் சில ஆலைகள் ஊக்கியாகப் பயன்படுத்துகின்றன. ஊக்கி நாளடைவில் செயலிழந்துவிடும். அதிலுள்ள பாதரசமோ அழிவதில்லை. 1956 ஆம் ஆண்டில் யப்பானின் மினமாற்றாவில் வெளிப்பட்ட கொடிய நோய், அத்தகைய ஊக்கியைப் பயன்படுத்திய ஆலை கடலில் விட்ட கழிவினால் விளைந்ததென்பதை உலகம் அறியும்.

அப்பாடத்தின் பின்னரும், 1980களில், பிரித்தானியக் கம்பனியொன்றின் கிளையான தோர் கெமிக்கல்ஸ், அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பயன்தீர்ந்த பாதரச ஊக்கிகளைக் கேற்றோ றிட்ஜில் இறக்குமதி செய்தது. பாதரசத்தை மீட்டெடுப்போம் என்பது வாக்குறுதி. கண்ட பலன் யாது? பீப்பாக்கள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன. அயலிலுள்ள நீரோடையிற் பாதரசம் கலந்தது. தொழிலாளர் நஞ்சேறி நோயுற்றனர், இருவர் மாண்டனர். 1995 இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 13,500 ராண்ட்! அதே ஆண்டில் ஜனாதிபதி மண்டேலா விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். தொழிலாளர் இலண்டனில் வழக்குத் தொடுத்த பின்னரே, 1997 இல் 13 இலட்சம் பவுண் நட்டஈடு கிடைத்தது. 2019 இல் அக்களஞ்சியத்தில் தீப்பற்றியபோதும் நச்சுக் கழிவு அங்கேயே கிடந்தது.

இதற்குக் காரணம் விஞ்ஞானத்தின் இயலாமையா? அன்று, அன்று! பயன்தீர்ந்த ஊக்கியைச் சுண்ணாம்புடனோ காரத்துடனோ சேர்த்து, மூடிய உலையிற் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும். அது 357 பாகை செல்சியசிற் கொதிப்பது. அவ்வாவியைக் குளிர்வித்து மீட்கலாம். வெளியேறும் வாயுவைக் கரியினூடாக வடிக்கலாம். வேண்டாத பாதரசத்தைக் கந்தகத்துடன் சேர்த்து, நம் சித்த வைத்தியர் சாதிலிங்கம் என்றழைக்கும் நிலைபெற்ற பொருளின் வகையாக்கிப் பத்திரமாக அடைக்கலாம். வழி உண்டு, ஆனால் அதற்குச் செலவும் உண்டு. அச்செலவை மிச்சப்படுத்தவே வாக்குரிமையற்ற கறுப்பின மக்களின் மண் தேடப்பட்டது.

இன்று சட்டங்களுக்குக் குறைவில்லை. அபாயக் கழிவுகளை நாடுவிட்டு நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989 இலும், பாதரசம் பற்றிய மினமாற்றா உடன்படிக்கை 2013 இலும் நிறைவேறின. இரண்டிலும் இலங்கை உறுப்பு நாடு. எனினும், 2017 முதல் 2019 வரை, மறுசுழற்சிக்குரிய பழைய மெத்தைகள் என்ற பெயரில் பிரித்தானியக் குப்பை கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கவில்லையா? 200க்கு மேற்பட்ட கொள்கலன்களைத் திருப்பியனுப்பி முடிக்க 2022 வரை சென்றது. அதில் வந்தது பாதரசமன்று. ஆனால் ஒட்டிவந்த பெயர்ச்சீட்டு கேற்றோ றிட்ஜுக்குப் போன அதே பெயர்ச்சீட்டுத்தான்.

ஆதலின் நாம் கூறுவது இதுவே. நஞ்சை ஆக்கியவனே, ஆக்கிய நாட்டிலேயே, தன் செலவிலேயே அதனை அடக்க வேண்டும். உள்ளே சென்ற பாதரசம் எவ்வளவு, மீண்டது எவ்வளவு, எஞ்சியது எங்கே என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். உலையருகே நிற்கும் தொழிலாளியின் உடலைத் தவறாது சோதித்து, முடிவை அவனிடமே கூற வேண்டும். கணக்குக் காட்டாத மறுசுழற்சி மறுசுழற்சியன்று. பிறர் முற்றத்திற் குப்பை கொட்டுதலே. அதனை அப்பெயராலேயே அழைக்க நாம் கூசோம்.