பொறுமைக்கு என்ன கூலி?

தஞ்சாவூர் ஓவியம் செய்யும் பெண்களிடம் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "இதுக்கெல்லாம் ரொம்பப் பொறுமை வேணும்மா, பொம்பளைங்களுக்குத்தான் இது வரும்." வாங்க வருபவர் சொல்வார். கடைக்காரர் சொல்வார். கண்காட்சியைத் திறந்துவைக்க வரும் சிறப்பு விருந்தினர் மேடையிலேயே சொல்வார், கீழே உட்கார்ந்திருக்கும் நாங்களும் கை தட்டுவோம். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையைச் செய்து திருச்சியில் குடும்பம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பாராட்டு காதில் விழுந்ததும் நாம் நம் பணப்பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொறுமை பெண்ணுக்குப் பிறவியிலேயே வந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்குத் தனியாகக் கூலி கேட்க முடியாது. விலை பேசும்போது நடப்பது அதுதான்.

எனக்குப் பொறுமை கிடையாது. பேருந்து பத்து நிமிடம் தாமதமானால் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துகிற ஆள் நான். என்னிடம் இருப்பது கைப்பழக்கம். அதை நாலைந்து வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். தச்சர் ஒருவர் கதவில் பூ செதுக்கும்போது அவருக்குப் பொறுமை அதிகம் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல வேலைக்காரர் என்கிறார்கள், அதற்கேற்ற கூலியும் கொடுக்கிறார்கள்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 'படம் வரைவது' என்று சொல்வதில் முக்கால்வாசி வேலை காணாமல் போகிறது. முன்பு பலாப்பலகையில் செய்தார்கள், அதனால்தான் இதற்குப் பலகைப் படம் என்றும் பெயர். இப்போது ப்ளைவுட். அதன் மேல் காடாத் துணியை ஒட்டி, சாக் பவுடரும் பசையும் கலந்து பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மறுபடி பூச வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். விரலால் தடவினால் கண்ணாடிபோல் வழுக்கும்வரை இது நடக்கும். அந்த வெள்ளைத் தூள் மூக்கிலும் தலைமுடியிலும் இருக்கும், இரவு சோற்றிலும்கூட இருக்கும். பிறகு கோட்டுப்படம், கல் பதிப்பது. நகையும் தூணும் மண்டபமும் மேடாகத் தெரிவதற்கு மக்கு வேலை. அது காய்ந்தபின் தங்க ரேக்கு. அதன் பிறகுதான் வண்ணம். முகத்தைக் கடைசியில் எழுதுவோம், கண்ணை அதற்கும் கடைசியில்.

"நடுநடுவுல எழுந்து வீட்டு வேலையும் பாத்துக்கலாம், அதுதான் இதுல வசதி" என்பார்கள். இதைச் சொன்னவர்கள் ஒருவரும் மக்கு வைத்ததில்லை. கிண்ணத்தில் கலந்த மக்கு நமக்காகக் காத்திருக்காது, இறுகிவிடும். தூரிகையால் எடுத்து ஒரு மாலையின் ஓரத்தை வைத்துக்கொண்டு வரும்போது பாதியில் எழுந்தால், திரும்பி வந்து தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு விழும். தங்க ரேக்கு இன்னும் மோசம். பிசின் தடவியபின் அது ஈரமாகவும் இருக்கக் கூடாது, முழுதாகக் காய்ந்துவிடவும் கூடாது; அந்தச் சில நிமிடங்களில் வெட்டிவைத்த ரேக்கை ஒட்டியாக வேண்டும். ரேக்கு பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்தியிருப்போம். மே மாதத்துத் திருச்சியில் மூடிய அறைக்குள் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவளிடம்தான் குக்கர் எத்தனை விசில் வந்தது என்று கேட்பார்கள். அறைக்குள் வருகிறவர் முதல் வேலையாகச் சுவிட்சைத் தட்டுவார், "ஏன் இப்படிப் புழுங்குற?" என்று அக்கறையாகக் கேட்டபடி.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், விருந்தாளிகளிடம் என் படங்களைக் காட்டுவார். "இவ எதையாவது வரைஞ்சுக்கிட்டே இருப்பா" என்று காட்டுவார். அந்த 'எதையாவது' எங்கள் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தை மூன்று வருடம் கட்டியிருக்கிறது. ஆனாலும் சேர்க்கை விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவள் என் பெண். திட்டுவதற்கு மனம் வரவில்லை. அவள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள்: அம்மா வீட்டில் இருக்கிறாள், கேட்டால் எழுந்து வருகிறாள்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அப்போது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடுகிறவர்கள் எவ்வளவு பேர் என்று பார்த்தால் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். ஐந்து மணி நேரம் என்பது எனக்கு ஒரு படத்தின் முழு மக்கு வேலை. தினமும் ஒரு படத்தின் மக்கு வேலையைச் சமையலறையில் கரைத்துவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து இன்னொன்றைச் செய்கிறோம். மிச்சம் என்பது பெரும்பாலும் இரவு பத்துக்கு மேல். தங்கத்தின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசும் நேரம் அது.

சில வருடங்களுக்கு முன் ஒரு படத்துக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். 15க்கு 12 அங்குல அளவில் வெண்ணெய்க் கண்ணன். பலகை, கல், ரேக்கு எல்லாம் கடைக்காரருடையது, வேலை மட்டும் என்னுடையது. காயும் நேரத்தைச் சேர்க்காமல் 61 மணி நேரம் ஆயிற்று. கூலி 2,800 ரூபாய். மணிக்கு 46 ரூபாய்கூட வரவில்லை. அதே படம் தேக்குச் சட்டம் போட்டுக் கடையில் 14,000 ரூபாய் அட்டையோடு தொங்கியது. பலகைக்கும் தங்கத்துக்கும் சட்டத்துக்கும் அவர் செலவழித்ததைக் கழித்துவிட்டுத்தான் பேசுகிறேன். கூட்டிக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "நீங்க வீட்லதானேம்மா இருக்கீங்க" என்றார்.

அந்த 'வீட்லதானே' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பத்துப் பேரை வைத்து அவர் பட்டறை நடத்தினால் இடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், தேநீர் வாங்கித் தர வேண்டும், பெண்கள் இருந்தால் கழிப்பறை கட்ட வேண்டும். இப்போது அது எல்லாவற்றையும் எங்கள் குடும்பங்கள் தருகின்றன. மேசைவிளக்கின் மின்சாரம் எங்கள் மீட்டரில் ஓடுகிறது. வீட்டில் இருப்பதால் எனக்கு அவர் ஏதோ சலுகை தருவதுபோலப் பேசுகிறார். சலுகை பெறுவது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது புதிய சண்டை இல்லை. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் சேவா அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யப் போனபோது, இந்தப் பெண்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லையே, பிறகு எப்படிச் சங்கம் என்று அதிகாரிகள் தடை சொன்னார்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலை பற்றிய 177ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலை செய்யும் தொழிலாளி யார் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. பீடி சுற்றும் பெண் தொழிலாளி என்பது நாட்டுக்குப் புரிய அரை நூற்றாண்டு ஆனது. கிருஷ்ணருக்கு நகை போடுகிறவளைத் தொழிலாளி என்றால் இன்னும் சிரிக்கிறார்கள், ஏனென்றால் நாங்கள் 'கலைஞர்கள்'. சம்பளம் பேசும்போது கலைஞர், பெயர் போடும்போது வெறும் கை.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கற்றுக்கொண்ட இடத்தில் பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்திருப்போம். தேய்ப்பது, மக்கு, கல், ரேக்கு எல்லாம் எங்கள் பாடு. முகம் எழுதவும் கண் திறக்கவும் மாஸ்டர் வருவார். ஒரு படத்துக்கு அவர் கை பட்ட நேரம் அரை நாள் இருக்கும். படம் அவருடையதாக விற்கும். முகம் எழுதுவது கடினம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பகுதி கலை, எந்தப் பகுதி எடுபிடி என்று பிரித்தபோது பெண்கள் செய்ததெல்லாம் எடுபிடிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பெரிய பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியை 1971இல் லிண்டா நோக்லின் எடுத்துக்கொண்டு, யாருக்குப் பயிற்சி கிடைத்தது, யாருக்குக் கதவு மூடியிருந்தது என்று பாருங்கள் என்றார். எங்கள் பின்கட்டில் அந்தக் கதவு மரக்கதவாகவே இருந்தது, உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும்.

மதுபனியை எடுத்துக்கொள்ளுங்கள். மிதிலைப் பெண்கள் தலைமுறைகளாகக் கல்யாண அறையின் சுவரில் வரைந்தார்கள். அது வீட்டு வேலை, சுவர் அழிந்தால் படமும் போச்சு. 1966-67 பஞ்சத்தை ஒட்டி கையில் காகிதம் கொடுக்கப்பட்டது. அதே கோடு காகிதத்துக்கு வந்ததும் கலையாகி, விலையும் பெயரும் வந்தன. கங்கா தேவிக்கு 1984இல் பத்மஸ்ரீ. ஆனாலும் டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவில் அவர் சுவரில் வரைந்த கல்யாண அறை 2015இல் புதுப்பிப்பு வேலையின்போது அழிக்கப்பட்டது. அவர் இறந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பத்மஸ்ரீ வாங்கியவரின் சுவருக்கே இந்தக் கதி.

சாமி படம் என்பதால் எங்களுக்குக் கூடுதலாக ஒரு விசாரணையும் உண்டு. "சுத்தமா இருந்துதானே செஞ்சீங்க?" என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், சிலர் தயங்காமலே கேட்பார்கள். மாதத்தில் அந்த நாட்களில் மேசையைத் தொடக் கூடாது என்று சொன்ன பெரியவர்கள் அந்த நாட்களுக்குக் கூலி தருவதாகச் சொன்னதில்லை. தவணைத் தேதியையும் தள்ளிவைத்ததில்லை. பிசின் கலக்கியவள், கல் அறுத்தவர், தங்கத்தைத் தட்டியவர் ஆகியோரின் சாதியையோ உடம்பையோ தங்கம் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. நான் எல்லா நாளும் வேலை செய்கிறேன். கேட்பவர்களிடம் அப்படியே சொல்கிறேன். இரண்டு மூன்று ஆர்டர் போயிருக்கிறது.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஒரு வாரப் பயிற்சி வகுப்பு முடித்து, பொருள் செலவுக்கு மட்டும் படத்தை விற்கும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். "நான் காசுக்காகப் பண்ணலை, மனசுக்கு அமைதியா இருக்கு" என்பார்கள். வரையட்டும், சந்தோஷம். ஆனால் விற்கும்போது உழைப்புக்கு விலை போடாமல் விற்றால், அடுத்த தெருவில் இதை வைத்து அரிசி வாங்குகிறவளின் கூலி இறங்குகிறது. சம்பளம் வரும் கணவர் இருப்பதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெண்ணை வேலைக்கு வைத்திருப்பதும்தான் அந்த அமைதியின் முதலீடு. கடைக்காரர் என்னிடம் கைபேசியை நீட்டி அவர்கள் போட்ட விலையைக் காட்டுகிறார்.

வெளியே போக விடாத வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இந்த மேசை ஒன்றுதான் கிடைத்தது, அதையும் குறை சொல்கிறாயா என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த மேசைதான் கிடைத்தது. அதன் கூலியில் சொந்தமாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கினேன், அந்தக் கணக்குப் புத்தகத்தின் ருசி எனக்குத் தெரியும். அதனால்தான் மேசையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மேசை இருக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் காலை பத்து முதல் ஒரு மணி வரை கதவு சாத்தியிருக்கும். முதல் மாதம் கதவை எல்லோரும் தட்டினார்கள். மதியச் சமையல் அவர் பொறுப்பு. புளிக்குழம்பில் உப்பு இன்னும் கூடத்தான் விழுகிறது, சாப்பிடுகிறோம். தங்க ரேக்கு ஒட்டும் நாளில் சுவிட்ச் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவைக்கிறேன். கடைக்குக் கூலி வேலை செய்வதைக் குறைத்துவிட்டேன். நேரடியாக வருபவர்களுக்குப் பொருள், வேலை நேரம், மின்சாரம் என்று தனித்தனியாக எழுதிப் பில் தருகிறேன். பாதிப் பணம் முன்பணம். மக்கு வேலைக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள், மணிக்கணக்கில் கூலி, இருவரும் முகம் எழுதவும் பழகுகிறார்கள். படத்தின் வலது கீழ் மூலையில் மூன்று பேர் பெயரும் இருக்கும். தஞ்சாவூர் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கும்போது எங்கள் பெயருக்கு ஓர் அங்குல இடம் இருக்கலாம்.

போன மாதம் ஒருவர் ராமர் பட்டாபிஷேகம் வாங்க வந்தார். விலைக்கு ஒத்துக்கொண்டார். மூலையைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பூஜை அறையில் வைக்கும் படத்தில் பெயர்கள் எதற்கு, வண்ணம் பூசி மறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனார். வாசலில் வண்டியை எடுத்தவர் திரும்பி வந்து, மூன்று பேரில் நீங்கள் யார் என்று கேட்டார். நடுவில் இருக்கும் பெயரைக் காட்டினேன்.