தம்கல் வருமளவும்



சென்ற கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் சந்துக்குத் தம்கல் வந்தது. நல்லவேளையாக, அதைப்பற்றிச் செய்தித்தாளில் ஒரு வரியும் வரவில்லை. செய்தித்தாளில் வராத தீவிபத்தே சிறந்த தீவிபத்து என்று எண்ணிக்கொண்டு, நானே இம்மாதம் இப்பகுதியில் எழுதத் துணிந்தேன்.

காளிகாட்டின் சந்துகளை அறியாதார் நம்முள் இலர். கோயிலுக்குப் போகும் வழியில் பூக்கடை, பேடாக் கடை, சங்கு வளையல் கடை. அவற்றுக்குப் பின்னே ஆதி கங்கையை நோக்கிச் சரியும் பழைய வீடுகள். அப்படி ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் என் தாயாரோடும் மனைவி மகளோடும் குடியிருக்கிறேன். அவ்வீட்டில் மொத்தம் பதினொரு குடித்தனங்கள். பதினொன்றுக்குமான மின்மீட்டர்கள் படிக்கட்டின் அடியில் ஒரே பலகையில் இருக்கின்றன. அந்தப் பலகையில்தான் அன்று மாலை தீப்பொறி பறந்தது. சிறிது நேரத்தில் படிக்கட்டு முழுதும் கரும்புகை ஏறிவிட்டது.

அப்போது நான் செய்தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். கருகும் நாற்றம் வந்ததும் வாயிற்கதவை அகலத் திறந்து எட்டிப் பார்த்தேன். புகை கூடத்துக்குள் புகுந்தது. பிறகு அம்மாவை எழுப்புவதை விட்டுப் பீரோவைத் திறந்து, மெட்ரிகுலேஷன் சான்றிதழும் வேலை நியமன உத்தரவும் வைத்திருந்த கோப்பைத் தேடினேன். முழங்கால் வலியால் படி இறங்க முடியாத தாயாரை அறையிலேயே வைத்துக் கதவைச் சாத்தி, ஈரத்துணியால் கதவின் கீழிடுக்கை அடைத்து, தெருப்பக்கச் சன்னலைத் திறந்தவள் என் மகள். அவள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நான் சமாதானம் சொல்லலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது யார் குற்றம்?

பாடாக் கிளப்பு இளைஞர்கள் ஓடி வந்து முதன்மை இணைப்பைத் துண்டித்தார்கள். யாரோ 101-க்குப் பேசினார்கள். வண்டி விரைவாகவே வந்தது. ஆனால் ஸ்கூட்டர்களும் பூவண்டிகளும் அடைத்து நின்றமையால் சந்தின் வாயிலைத் தாண்ட இயலவில்லை. வீரர்கள் கையில் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். புகையில் முதலில் ஏறிய மூத்த வீரர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு தகரப் பெட்டியில் இடறி விழுந்தார். முழங்காலின் கீழே இரத்தம். எல்லாம் அடங்கிய பிறகு அவர், ‘இந்தப் பெட்டி யாருடையது?’ என்று வங்காளத்தில் அமைதியாகக் கேட்டார்.

அது என்னுடையது. அதனுள் கொலுப் பொம்மைகள் இருந்தன. பக்கத்தில் சாத்தியிருந்த பலகைகளும் என்னுடையவையே.

அன்றிரவு முழுதும் எனக்கு உறக்கம் வரவில்லை.

தம்கல் என்ற சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. எழுத்தில் தம்கல், வங்காளியர் வாயில் அது ‘தொம்கொல்’. தம் என்றால் மூச்சு; நாமும் ‘தம் கட்டி’ என்கிறோம். கல் என்பது எந்திரம். மூச்சு விடும் எந்திரம் என்று கொள்ளலாம். உயிர்காக்க வருகிற வண்டியின் பெயர் நம் காதில் ‘கொல்’ என்று முடிவது விந்தைதான். இங்கு வந்த புதிதில் என் தாயார் அந்தக் கூக்குரலைக் கேட்டுத் திடுக்கிட்டதுண்டு.

இப்படைக்கு நெடிய வரலாறு உண்டு. கல்கத்தாவில் 1822-இலேயே தீயணைப்புப் படை தோன்றிவிட்டது. நம் சென்னைக்கு அது 1908-இல்தான் வந்தது. இங்கே அவ்வளவு முந்தி வந்ததற்குக் காரணம் கருணை மட்டும் அன்று. இந்நகரம் சணல் நகரம். ஆற்றங்கரையெங்கும் சணல் கிடங்குகள்; ஒரு பொறி விழுந்தால் ஒரு பேட்டையே சாம்பலாகும். ஆகவே 1872-இலும் பிறகு 1893-இலும் கிடங்குகளையும் தீயணைப்புப் படையையும் சேர்த்தே சட்டம் இயற்றினார்கள். கிடங்குக்காரர் உரிமம் பெற வேண்டும். அந்த உரிமப் பணம் படையின் செலவுக்குத் துணை. அமெரிக்காவில் இன்றும் சிற்றூர்கள் பல கூடித் தீயணைப்பு வட்டம் என்று ஒன்றை அமைத்து, தமக்கெனத் தனி வரி விதித்துக்கொண்டு படையை நடத்துகின்றன; பல இடங்களில் அண்டை வீட்டுக்காரரே தொண்டர்களாகக் குழாய் பிடிக்கின்றனர். நமக்கு அந்த முறை இல்லை. 1950-இல் மேற்கு வங்கத் தீயணைப்புச் சட்டம் வந்தபின் இது மாநில அரசின் துறை. தலைமை நிலையம் மிர்ஸா காலிப் தெருவில் இருக்கிறது; பழைய மனிதர்கள் அதை ஃப்ரீ ஸ்கூல் தெரு என்பார்கள். காளிகாட்டுக்கும் ஒரு நிலையம் உண்டு.

தொலைபேசி அரிதாயிருந்த காலத்தில் தெருமுனைகளில் சிவப்பு இரும்புப் பெட்டிகளை நட்டிருந்தார்கள். கண்ணாடியை உடைத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் நிலையத்தில் மணி அடிக்கும்; எந்தப் பெட்டியிலிருந்து அழைப்பு என்பதும் தெரிந்துவிடும். சில இடங்களில் அப்பெட்டிகள் ஊமையாய் இன்றும் நிற்கின்றன. நடைபாதையில் ஓயாது பெருகும் கங்கைக் குழாயையும் நாம் பார்த்திருக்கிறோம். அதில் குளிப்பவரைக் கண்டு, இது குளியலுக்கென்றே வைத்தது என எண்ணியிருந்தேன். குடிநீருக்கு ஒரு குழாய், வடிகட்டாத ஹூக்ளி நீருக்கு ஒரு குழாய் என இந்நகரில் இருவகை வகுத்திருந்தனர். அந்த இரண்டாவது, தெருக் கழுவவும் தீயணைக்கவும் வைத்தது.

இனி மனம் கனக்கும் செய்திக்கு வருகிறேன். 2021 மார்ச் 8-ஆம் நாள் மாலை, ஸ்ட்ராண்டு சாலையில் உள்ள புதிய கொய்லாகாட் கட்டடத்தின் பதின்மூன்றாம் மாடியில் தீப்பிடித்தது. கிழக்கு ரயில்வேயும் தென்கிழக்கு ரயில்வேயும் அலுவலகம் வைத்திருக்கும் கட்டடம் அது. கோப்பும் கையுமாக நான் பல முறை ஏறி இறங்கிய இடம். தீயணைப்பு வீரர் நால்வர் உள்ளிட்ட ஒன்பது பேர் அன்று மாண்டனர். காவல்துறையாரும் ரயில்வேயைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மேலே செல்ல அவர்கள் மின்தூக்கியில் ஏறினார்கள். அதுவே எமனாயிற்று. தீப்பற்றிய கட்டடத்தில் மின்தூக்கியின் பாதை ஒரு புகைபோக்கி. மின்சாரம் நின்றால் பெட்டி நடுவழியில் நிற்கும். கதவு திறந்தால் எதிரே தீயிருக்கும். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அக்கதி நேர்ந்ததென்றால் நாம் எம்மாத்திரம்? மறுநாள் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் படியேறி வந்தார்கள். ஒரு வாரம் ஏறினார்கள். பிறகு பழையபடி மின்தூக்கியின் முன் வரிசை.

அதற்கும் முன்னே, 2010 மார்ச் 23-இல் பார்க் தெரு ஸ்டீபன் கோர்ட்டில் 43 பேர் இறந்தனர். மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தமையால் மேல் படிகளிலேயே பலர் மடிந்தனர். அடுத்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் விடியற்காலை தாகுரியா மருத்துவமனையில் புகை பரவி எண்பதுக்கும் மேற்பட்டோர் போயினர். பெரும்பாலோர் எழுந்து நடக்க இயலாத நோயாளிகள். நோயாளிகளைக் காக்கப் போய்த் தம்முயிரைத் தந்த கேரளச் செவிலியர் இருவரை இந்நகரம் மறக்கலாகாது.

2025 ஏப்ரல் 29 இரவு நடந்தது நமக்கு இன்னும் அண்மையது. படாபஜாரை அடுத்த மேச்சுவாவில் ஒரு விடுதி தீப்பற்றிப் பதினான்கு பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் தமிழர். ஊர் பார்க்க வந்த குடும்பத்தின் தாத்தாவும் இரண்டு பேரக் குழந்தைகளும். பெற்றோர் வெளியே போயிருந்த நேரம். அங்கே தீ சுட்டதைவிடப் புகை கொன்றதே மிகுதி. சன்னல்கள் அடைபட்டிருந்தன என்றும், படிக்கட்டுகளில் ஒன்று பயன்படாமல் கிடந்தது என்றும், தீயணைப்புத் துறையின் சான்று மூன்றாண்டுகளுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது என்றும் பிறகு செய்தி வந்தது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாமும் ‘வாடகை மலிவு, ஸ்டேஷனுக்குப் பக்கம்’ என்று இத்தகைய விடுதிகளைத்தானே காட்டுகிறோம்? இனி அறை பார்க்கப் போகிறவர் ஒரு நிமிடம் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்டு, அதில் ஒரு முறை இறங்கியும் பார்த்து வரட்டும். விடுதிக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புகையைப்பற்றி அந்த மூத்த வீரர் சொன்னதை எழுதுகிறேன். மறுவாரம் நிலையத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது, அவர் காலில் கட்டோடு தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார். புகை மேலே செல்லும். நல்ல காற்று தரையை ஒட்டி இருக்கும். ஆகவே தவழ்ந்து செல்ல வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வருவது தெரியாமலே வரும். அதனால் உறங்குகிறவர் விழிப்பதில்லை. கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார், சுட்டால் திறவாதே. வெளியேறினால் கதவைச் சாத்திவிட்டுப் போ. சாத்திய மரக்கதவு தீயைச் சில நிமிடம் நிறுத்தும், அச்சில நிமிடம் எங்களுக்குப் போதும். ‘உங்கள் மகள் செய்தது சரி, நீங்கள் செய்தது தவறு’ என்று முடித்தார்.

அடுக்களையில் நாம் செய்யும் தவறுகளையும் அவர் கேட்டார். அப்பளம் பொரிக்கும் வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் நம்மவர் முதலில் தேடுவது தண்ணீர்ச் சொம்பு. கொதிக்கும் எண்ணெயில் நீர் விழுந்ததும் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடிவிட்டால் காற்றின்றித் தீ அடங்கும். வாயு நாற்றம் வந்தால் மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிச் சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

ரயில்காரன் என்ற முறையில் ஒன்று சேர்க்காமல் இருக்க முடியவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, ‘சின்ன அடுப்புதானே, குழந்தைக்குப் பால் காய்ச்ச’ என்று மூட்டைக்குள் வைப்பவரை அறிவேன். 2023 ஆகஸ்ட் 26 விடியலில் மதுரையில் தனியே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதிக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் ஒன்பது யாத்திரிகர் எரிந்து மாண்டனர். வடக்கிலிருந்து இராமேசுவரம் தரிசிக்க வந்தவர்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் இக்குற்றத்துக்கு மூன்றாண்டுச் சிறைவரை உண்டு. ஆனால் சட்டம் பெட்டிக்குள் வந்து மூட்டையை அவிழ்ப்பதில்லை. எதிர் இருக்கைக்காரர்தான் அதைப் பார்க்கிறார், பார்த்தும் ‘நமக்கேன்’ என்று இருக்கிறார்.

இப்போது, நெடுநேரமாகச் சொல்லத் தயங்கிய செய்தி. நம் சங்கக் கூடம் முதல் மாடியில் இருக்கிறது. அதற்கு இரண்டு வழிகள். முன்வழி குறுகிய மரப்படி. பின்வழியில் இரும்புப் படி உண்டு. ஆனால் அந்தக் கதவு பூட்டியிருக்கிறது. பூட்டின் சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டேன். மூவரும் மற்றவரைக் காட்டினார்கள். கதவுக்கு முன்னே மடக்கு நாற்காலிகளும் நாடகத் திரைச்சீலைகளும் மார்பளவு அடுக்கிக் கிடக்கின்றன. சென்ற விழாவில் அக்கூடத்தில் இருநூறு பேர் இருந்தோம். பின்புறத்தில் குத்துவிளக்கு, பக்கத்தில் காகிதத் தோரணம், அறுபது குழந்தைகள். நாதசுரம் நன்றாக இருந்தது என்று இதே பகுதியில் நான்தான் எழுதினேன்.

செயலாளர் ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் நல்லவர், சங்கத்துக்காக அவர் உழைத்த உழைப்பை நான் குறைத்துப் பேசேன். முன்பு ஒருமுறை பாத்திரங்கள் களவு போனதால் பூட்டியதாகவும், அடுத்த செயற்குழுவில் வைப்பதாகவும் சொன்னார். களவு போன பாத்திரத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் ஐயா, என்று மட்டும் சொன்னேன். என் பெட்டியில் இடறி விழுந்தவரின் கால் என் கண்முன் நின்றமையால் குரல் சிறிது உயர்ந்துவிட்டது. அதற்கு இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்; சொன்ன சொல்லுக்கு அன்று.

மறுநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். சாவி கிடைத்துவிட்டதாம், ஆர்மோனியப் பெட்டிக்குள். உள்ளிருந்து இழுத்தால் திறக்கும் தாழ்ப்பாள் ஒன்றைப் பூட்டுக்குப் பதிலாகப் பொருத்துவதற்குத் தச்சரிடம் பேசிவிட்டார். நாற்காலிகளையும் திரைகளையும் கீழ்ப் பரணுக்கு மாற்ற வேண்டும். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன். என் மகளும் வருகிறாள். தோள் கொடுக்க நான்கு இளைஞர்கள் வேண்டும். கொலுப் பலகைகளை வைக்க யார் வீட்டிலேனும் இடமிருந்தால் அதையும் அன்றே தெரிவியுங்கள். படிக்கட்டிலிருந்து எடுத்தவை இப்போது என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன, அம்மாவுக்குக் கால் நீட்ட இடமில்லை.