பிரயாணப் பக்கம்: நைனித்தாலில் மடை தேடியது

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் சங்கத்து அன்பர்கள் நம்மைக் கண்டதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நீர் ரயில்வேக்காரர் ஆயிற்றே, நைனித்தால் போகலாமா? கூட்டம் எப்படி?" என்பர். போங்கள் என்று துணிந்து சொல்ல நமக்கு நா எழுவதில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் மனம் வருவதில்லை. ஆகவே 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாமும் நம் இல்லாளும் அங்குச் சென்று வந்த வரலாற்றை உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறோம். முடிவு அவரவர் கையில்.

அதற்கு முந்திய ஆண்டு பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போயிருந்தது. நம் இல்லாள் பிறந்தது சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். அந்தக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அதன் நடுவே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தனர். தில்லி திரும்பும் வழியெல்லாம் அவள் அதிகம் பேசவில்லை. அடுத்த ஆண்டுக் கோடையில் ஒரு நாள், "ஏங்க, நிறைஞ்ச தண்ணியை ஒரு தடவை கண்ணால பாக்கணுங்க" என்றாள். வேறொன்றும் கேட்டு நச்சரிக்கும் வழக்கம் இல்லாதவள். நமக்கோ அந்நாளில் ஆண்டுக்கு ஒரே பாஸ்தான். அதை ஊருக்கென்று பத்திரப்படுத்திவிட்டு, சீட்டு வாங்கியே புறப்பட்டோம்.

தில்லியில் இரவு வண்டி ஏறினால் விடியற்காலையில் காத்கோதாம். 'காட்' என்பது மரம், 'கோதாம்' என்பது கிடங்கு. காட்டு மரங்களைக் கொண்டுவந்து அடுக்கிய இடமாதலின் இப்பெயர். நம் கிடங்குதான் இவ்வாறு கோதாமாகத் திரிந்தது என்று சொல்வாரும் உளர். 1884இல் இங்கு வந்து சேர்ந்த இருப்புப்பாதை அதன் பின் ஓரடிகூட மேலே ஏறவில்லை. உதகைக்கும் சிம்லாவுக்கும் வாய்த்த மலை ரயில் நைனித்தாலுக்கு வாய்க்கவில்லை. 1994இல் மீட்டர் பாதை அகலப் பாதையாயிற்று, அவ்வளவே. மேற்கொண்டு உள்ள 34 கிலோமீட்டரும் வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலைதான்.

அந்தச் சாலையில்தான் நம் சோதனை தொடங்கிற்று. வாடகைக் கார் ஒன்றில் எட்டுப் பேராக நெருக்கியடித்து ஏறினோம். பாதி வழி கடந்ததும் வண்டிகள் எறும்புச் சாரிபோல் நின்றன. ஊரில் இடம் இல்லை என்று போலீசார் பலகையே வைத்துவிட்டனர். டிரைவர் நம்மை இறக்கிவிட்டு, நடந்து போங்கள் என்று கைகாட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினோம். தில்லியின் நெரிசலுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் அந்நெரிசலைத் தம்முடனே கொண்டுவந்துவிட்டார்கள் என்று நாம் உரக்கவே முணுமுணுத்தோம். "எங்கிருந்துதான் இத்தனை ஜனம் வந்து குவிந்ததோ!" என்றும் சொன்னோம்.

இல்லாள் நின்று திரும்பிப் பார்த்தாள். "நீங்க சீட்டுக் குடுத்து அனுப்பினவங்கதானே?"

நாம் முன்பதிவுச் சன்னலில் அமர்ந்து வேலை பார்ப்பவர். மே மாதம் முழுவதும் இதே வண்டிக்குத்தான் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கியிருந்தோம். அதன்பின் ஏரி வரும் வரை நாம் வாய் திறக்கவில்லை.

அவ்வேரியை என்னென்று சொல்வது! 1,900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், நாற்புறமும் மலை சூழ, கரும்பச்சை நீர் ஒரு மாங்காய் வடிவில் கிடக்கிறது. நெடுக ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சுற்றி வந்தால் மூன்றரை இருக்கும். கீழ்க்கரைக்குத் தல்லிதால், மேல்கரைக்கு மல்லிதால் என்று பெயர். சதி தேவியின் கண் விழுந்த இடம் என்பது ஸ்தல புராணம். நயனம் என்பதே நைனா ஆயிற்று. மேல்கரையில் நைனா தேவி கோயில் இருக்கிறது. மோட்டார்ப் படகு கிடையாது. துடுப்புப் படகும் பாய்ப்படகும் மிதிபடகுமே. ஆதலால் கரையில் அத்தனை இரைச்சல் இருந்தும் நீரின்மேல் அமைதி இருக்கிறது.

இல்லாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பின்னர் அவள் கேட்ட முதற்கேள்வி, "இதுக்கு மடை எங்க இருக்கும்?"

வந்தவர்கள் எல்லாரும் சோளக்கதிர் விற்கும் இடத்தையும் படம் எடுக்க ஏற்ற இடத்தையும் தேடுகையில் இவள் மடையைத் தேடினாள். படகு ஏற ஒரு மணி நேரம் வரிசை. படகோட்டி வயதானவர், அவரிடம் நம் அரைகுறை இந்தியில் விசாரித்தோம். அவர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கீழ்க்கரையைக் காட்டினார். தல்லிதாலில் சாலைக்கு அடியில் மதகு உள்ளது. மிகுந்த நீர் அதன் வழியே பலியா ஓடையாக இறங்கிக் கௌலா ஆற்றில் கலக்கிறது. ஊராரின் குடிநீரும் இவ்வேரியிலிருந்தே எடுக்கப்படுகிறது. முந்திய ஆண்டு, 2017 கோடையில், கரையோரம் தரை தெரியும் அளவு நீர் வற்றியதாம். அதைச் சொல்லுகையில் கிழவரின் குரல் தாழ்ந்தது. நம் இல்லாளுக்கு மொழி புரியாவிடினும் அந்தச் சேதி புரிந்துவிட்டது.

"வரத்து எங்கிருந்து?" என்று கேள் என்றாள். கேட்டோம். "சூக்காதால்" என்றார் அவர். வறண்ட ஏரி என்பது பொருள். மேல்கரைக்கும் மேலே உள்ள ஒரு பள்ளம் அது. மழைக்காலத்தில் மட்டும் நிறையும். அங்குத் தேங்கும் நீர் நிலத்துக்குள் இறங்கிக் கசிந்து கீழ் ஏரிக்கு வந்து சேர்கிறது. மேலக்கண்மாய் நிறைந்தால்தான் கீழக்கண்மாய்க்குத் தண்ணீர் என்பதை அறிந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கயிற்று வண்டியில் ஏறிப் பனிமலை காண்பதாகத்தான் நம் திட்டம். அதைக் கைவிட்டு அந்தப் பள்ளத்தைக் காண நடந்தோம். வழியில் 'பிளாட்ஸ்' என்னும் சமவெளி. ஆயிரக்கணக்கானோர் அங்கு ஐஸ்கிரீமும் கையுமாக உலவிக்கொண்டிருந்தனர். 1880 செப்டம்பர் 18ஆம் நாள், ஓயாத மழையில் மலைச்சரிவு இற்று விழுந்து 151 பேரைப் புதைத்தது. பழைய கோயிலும் போயிற்று. சரிந்த மண் ஏரியின் ஒரு பகுதியை மேவி உண்டானதே அந்தத் திடல். அதன் பின்புதான் மலைநீர் தறிகெட்டு இறங்காதபடி ஓடைகளைக் கட்டி வலைபோல் இணைத்தார்கள். வழியில் அத்தகைய கால்வாய் ஒன்றில் தண்ணீர்ப் புட்டிகளும் காகிதத் தட்டுகளும் அடைத்திருந்தன. இல்லாள் குனிந்து இரண்டு மூன்று புட்டிகளை வெளியே எடுத்துப் போட்டாள். பார்த்தவர்கள் சிரித்தனர். நமக்கும் அப்போது சற்று வெட்கமாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

சூக்காதாலில் நீர் இல்லை, ஜூன் மாதம் அல்லவா. பள்ளத்தின் ஒரு பக்கம் வண்டிகள் நின்றன. மறுபுறம் கட்டட இடிபாட்டு மண் குவிந்திருந்தது. காண வந்தவர் நாம் இருவரே. அவள் உள்ளே இறங்கிக் காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "உள்ளுக்குள்ள ஈரம் இருக்குங்க" என்றாள்.

அன்பர்களுக்குப் பயன்படக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். மே, ஜூன் மாதங்களின் சனி ஞாயிறுகளைத் தவிர்ப்பது நலம். அக்டோபர், நவம்பரில் சென்றால் வானம் தெளிந்து பனிமலைத் தொடரும் தெரியும். நம்மவர் சிலருக்கு அந்தக் குளிர் ஆகாது; கம்பளி அவசியம். கூட்ட நாட்களில் மாலை வேளையில் மால் சாலையில் மோட்டார்களை நிறுத்திவிடுவார்கள். அப்பொழுது ஏரியோரம் நடப்பதற்கு ஈடு இல்லை. நாமும் அன்று மாலை நடந்தோம். விளக்குகள் நீரில் நீண்டு நடுங்கின. காலையில் நாம் சபித்த அதே ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதே நீரைப் பார்த்து வாயடைத்து நின்றனர்.

மறுநாள் இரவு காத்கோதாம் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கையில் இல்லாள் ஊருக்குத் தொலைபேசியில் பேசினாள். நலம் விசாரிக்கக்கூட இல்லை. "அப்பா, மேலக்கண்மாயில இருந்து வர்ற வரத்துக்காலை இந்த வருசமாவது வெட்டினாங்களா?" என்று தொடங்கினாள். அவர் ஏதோ காரணம் சொன்னார் போலும், இவள் விடவில்லை. வண்டி வந்து, பைகளை நாமே ஏற்றி, இடம் பார்த்து அமர்ந்த பிறகும் அந்தப் பேச்சு முடிந்தபாடில்லை.