கூம்புக் கவசம் அணிந்த தவசி

நாவலூரிலிருந்து ஒரு தாயார் எழுதியுள்ள மடல், இம்மாதம் இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பொறியியல் இரண்டாம் ஆண்டு பயிலும் அவருடைய மூத்த மகன், மாலையில் வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் ஓர் ஆட்டம் ஆடுகிறான். ஒருநாள் காப்பி கொண்டு சென்ற தாய் திரையைக் கண்டு திடுக்கிட்டார். உயர்ந்த கூம்புக் கவசம் உடைய ஒருவன், தான் வீழ்த்திய அரக்கனின் குருதியை அக்கவசத்தில் நிரப்பி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டானாம்! ஆட்டத்தின் பெயர் 'பிளாஸ்ஃபமஸ்'. தெய்வ நிந்தனையானது என்று பொருள். "இதை வீட்டில் விடுவது பாவமாகுமா? பன்னிரண்டு வயது மகளும் அண்ணன் அருகே அமர்ந்து பார்க்கிறாள்" என்று வினவுகிறார்.

பெயரைக் கொண்டே தீர்ப்பளிப்பது எளிது. ஆயினும் பாராமல் பழிப்பது நேர்மையன்று என்பதால், பங்கு இளைஞர் ஒருவரைத் துணைக்கழைத்துச் சில மாலைகள் அதன் முன் அமர்ந்தேன்.

இருள் சூழ்ந்த பெருநிலம் ஒன்று. அதன் பெயர் குஸ்தோதியா. இடிந்த ஆலயங்கள், மடங்கள், நிலவறைகள் எல்லாம் அறை அறையாகப் பின்னிக் கிடக்கின்றன. வாய் திறவாத தவசி ஒருவன் வாளேந்தி அவற்றினூடே செல்கிறான். தாவ வேண்டும், ஏற வேண்டும், வெட்ட வேண்டும். முட்கழிகளின்மேல் ஒருமுறை விழுந்தால் உயிர் போயிற்று. சென்ற இடமெல்லாம் வரைபடத்தில் சிறிது சிறிதாகத் துலங்கும். இன்று அடைபட்டிருக்கும் வழி, பிறிதொரு மூலையில் ஒரு பொருளைக் கண்டெடுத்தபின் திறக்கும். 1986இல் ஜப்பானில் தோன்றிய 'மெட்ராய்ட்', 'காசில்வேனியா' என்னும் இரண்டு ஆட்டங்களின் பெயர்களை ஒட்டவைத்து இவ்வகைக்கு 'மெட்ராய்ட்வேனியா' என்கிறார்கள். பொறுமையற்றவர்களுக்கு இது ஏற்றதன்று. ஒரே அரக்கனிடம் பதினைந்து முறை மாண்டும் முகம் சுளிக்காத அந்த இளைஞரின் பொறுமையைக் கண்டு, இவர் செபமாலையில் ஐம்பத்துமூன்று மணிக்கு அலுத்துக்கொள்வது ஏன் என்று எண்ணிக்கொண்டேன்!

இதை உருவாக்கியவர்கள் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்துச் சிறு குழுவினர். 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2019 செப்டம்பரில் வெளியிட்டார்கள். செவில் என்றதும் பாதிப் புதிர் அவிழ்கிறது. அந்நகரின் புனித வாரப் பவனிகள் உலகப் புகழ் பெற்றவை. 1340இல் தோன்றியதாகக் கூறப்படும் 'மௌன' பக்த சபை முதலாகப் பல சபைகள், ஆண்டவருடைய பாடுகளின் சுரூபங்களைத் தோளிலும் பிடரியிலும் சுமந்து வீதிவலம் வருகின்றன. உடன் நடக்கும் தபசிகள் முகத்தை மூடும் கூம்புத் தொப்பி அணிவார்கள். தவம் செய்பவர் இன்னார் என்று இறைவனுக்கு மட்டுமே தெரிந்தால் போதும் என்பது அதன் உட்பொருள். (அமெரிக்க இனவெறிக் கூட்டத்தார் பிற்காலத்தில் அணிந்த தொப்பிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை.) ஆகவே அத்தாயார் திரையில் கண்ட கவசம், நம்மவர் பக்தியிலிருந்தே எடுக்கப்பட்டது.

ஆட்டத்தின் வாளுக்குப் பெயர் 'மேயா குல்ப்பா'. மார்பில் தட்டிக்கொண்டு நம் முன்னோர் இலத்தீனில் அறிக்கையிட்ட அதே சொற்கள். இளைப்பாறும் இடங்களில் தவசி முழந்தாளிடுகிறான். தன் அழகை மக்கள் வணங்கத் தொடங்கியதால் கொதிக்கும் எண்ணெயை முகத்தில் ஊற்றிக்கொண்ட கன்னியர் ஒருவரின் கதையும் வருகிறது. இது கொடூரக் கற்பனை என்று தள்ளிவிடுமுன் லீமா நகரின் புனித ரோசம்மாளை (1586-1617) நினைத்துப் பாருங்கள். பிறர் தம் அழகைப் புகழ்ந்ததற்கு அஞ்சி முகத்தில் மிளகைத் தேய்த்துக்கொண்டார் என்று அவர் சரிதை கூறுகிறது. பரங்கிமலைக் கற்சிலுவை 1558இல் திருப்பலி நேரத்தில் குருதி வியர்த்தது என்னும் மரபைக் கேட்டு வளர்ந்த நமக்கு, குருதியும் கண்ணீரும் கலந்த பக்தி அந்நியமானதன்று. எனவே இவ்வாட்டம் நம் திருமறையை வெளியே நின்று கல்லெறிவதாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளே வளர்ந்தவர்கள் தம் பாட்டியின் வீட்டை இரவில் கனவு கண்டதுபோல் இருக்கிறது.

எனக்கு உறுத்தியது வேறொன்று. தவசி இறக்கும்போதெல்லாம் அவ்விடத்தில் 'குற்றத்தின்' துண்டு ஒன்று கிடக்கும். அவனுடைய பக்தி வேகத்தின் அளவும் சுருங்கும். அதை மீட்க, விழுந்த இடத்திற்கே தட்டுத் தடுமாறித் திரும்பிச் செல்ல வேண்டும். இன்றேல், ஒப்புரவாளர் சிலை ஒன்றின் முன் நின்று, 'பரிகாரக் கண்ணீர்' எனப்படும் ஆட்டக் காசைச் செலுத்தினால் குற்றம் நீங்கும். விளையாட்டு நுட்பம் என்ற அளவில் இது மிகக் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் இதுவன்றோ நம் பிள்ளைகள் பலர் மனத்தில் இருக்கும் பாவசங்கீர்த்தனம்! காசு வாங்கிப் பலன் வழங்கும் பேச்சுக்கே இடமில்லாதபடி, பணத்தோடு பிணைந்த ஞானப்பலன்களைத் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் 1567இல் ரத்துசெய்தார். ஊதாரி மகன் உவமையில் மகன் திரும்பி நடக்கிறான், உண்மைதான். ஆனால் அவன் தொலைவில் வரும்போதே ஓடிவருபவர் தந்தை. மனப்பாடம் செய்துவைத்த மன்னிப்புரையை முடிக்கவும் விடவில்லை. குஸ்தோதியாவில் எவரும் ஓடிவருவதில்லை. அங்கே 'அற்புதம்' என்ற ஒரு சக்தி இருக்கிறது. தண்டனை கேட்டவனுக்குத் தண்டனையைத் தந்துவிட்டுப் பேசாதிருக்கிறது. அதற்கு முகமில்லை. கிறிஸ்து இல்லாத தவக்காலம் எப்படியிருக்கும் என்பதை அறிய விரும்பினால், ஆட்டம் அதை நன்றாகவே காட்டுகிறது.

ஆகவே சகோதரி, பத்தொன்பது வயது மகன் இதை ஆடுவதைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். கதவைத் தட்டிக் கண்டிப்பதைவிட, இரவு உணவு வேளையில் "அந்தக் குற்றத் துண்டை மீட்க நீயே திரும்பிப் போக வேண்டுமா? வேறு எவரும் வரமாட்டார்களா?" என்று கேளுங்கள். விடையை அவன் சொல்லட்டும், நடுவில் பேசாதீர்கள். சிறுமி விஷயம் வேறு. அமெரிக்கத் தரவாரியம் குருதிக்காகவும் நிர்வாணத்திற்காகவும் 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது தகாது என்று வகுத்திருக்கிறது. அவள் பார்க்கக் கூடாது. அண்ணனே அதை அவளுக்கு எடுத்துச் சொல்வது நல்லது.

2023இல் வந்த இரண்டாம் பாகத்தை வாங்கித் தரும்படி மகன் நச்சரிப்பதாகவும் மடலின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். பருவத் தேர்வு முடிந்து, மதிப்பெண்ணும் வரட்டுமே.